வறுமை ஆய்வுக்குப் போட்டி நிதி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறுமை, சமூகக் கொள்கை பற்றிய ஆய்வுகளுக்கு உலக மட்டத்தில் போட்டி முறையில் நிதி கொடுக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்து விரிவுரையாளர்களும் மாணவர்களும், கிராம மட்டத்தில் வேலை செய்யும் சங்கங்களும் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். வரிசையாக வாசிக்கத் தேவையில்லை.

இது வாழ்வாதார உதவியா?

இல்லை. கோழி, ஆடு, தையல் மெஷின் வாங்கிக் கொடுப்பதற்கான பணம் இதில் கிடையாது. கோழி கொடுத்த குடும்பத்தின் நிலை உண்மையில் மாறியதா, எவ்வளவு மாறியது, அதே காசைக் கையில் கொடுத்திருந்தால் இன்னும் கூடுதலாக மாறியிருக்குமா என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கான பணம் இது. அழைப்பு வரும், விண்ணப்பிப்பீர்கள், துறை தெரிந்தவர்கள் வாசித்துப் புள்ளி போடுவார்கள். மேலே வந்த சிலவற்றுக்கு மட்டும் காசு.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்திலிருந்து போகும் முன்மொழிவுகளில் பாதிப் பக்கம் நாம் எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பதிலேயே போய்விடுகிறது. அது உண்மைதான். ஆனால் வாசிக்கிறவர் தேடுவது கேள்வியை. கஷ்டத்துக்கு ஒரு பந்தி போதும்.

யார் இந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள்?

முதலில் சொல்ல வேண்டியது ஜே-பால். 2003 இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஆய்வுக்கூடம். பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் மைக்கேல் கிரெமருக்கும் 2019 இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை ஆய்வுக்காகத்தான். அதன் தெற்காசிய அலுவலகம் 2007 இல் சென்னையில் தொடங்கியது. தமிழில் கள ஆய்வு நடத்திப் பழகியவர்கள் அங்கே இருப்பது நமக்கு வசதி. கல்வி, தொழில், ஆட்சி, காலநிலை என்று தலைப்புவாரியாக அவர்களிடம் தனித்தனி நிதியங்கள் உண்டு.

3ஐஇ என்ற அமைப்பு 2008 இல் வந்தது. திட்டங்களின் விளைவை மதிப்பிடுவதே அதன் வேலை. பிரான்ஸ் அரசு 2020 இல் தொடங்கி டுஃப்லோவின் தலைமையில் விட்ட அபிவிருத்திப் புத்தாக்க நிதியம் மற்றொன்று. அதில் ஆய்வாளர் மட்டுமன்றி தொண்டு நிறுவனம், கம்பனி, அரச திணைக்களம் எதுவும் விண்ணப்பிக்கலாம்; ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். சோதித்து நிரூபணமான ஒன்றைப் பெரிதாக்க 4 மில்லியன் யூரோ வரை போகும், தொடக்கப் படிகளில் அதைவிட மிகக் குறைவு.

உள்நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் போட்டி முறையில் ஆய்வு நிதி கொடுக்கின்றன. தொகை சிறிது, ஆனால் முதல் அனுபவத்துக்கு நல்லது. எந்த நிதியமானாலும் சுற்றுக்குச் சுற்று விதி மாறும். போன வருடத்து அழைப்பை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

அமெரிக்க உதவி நின்றுவிட்டதே, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

யூ.எஸ்.எய்ட் 2025 நடுப்பகுதியில் மூடப்பட்டது. 2010 இலிருந்து இந்தத் துறைக்குப் பணம் கொடுத்த அதன் புத்தாக்கப் பிரிவும் அதில் அடிபட்டது. மிச்சம் உண்டு, போட்டி கூடிவிட்டது. சிறு தொகைக்குக்கூடப் பெரிய பல்கலைக்கழகங்கள் வந்து நிற்கின்றன.

‘கடுமையான ஆய்வு’ என்று எதைச் சொல்கிறார்கள்?

2010 இல் மீள்குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பத்துக் கோழி கொடுத்தார்கள் என்று வையுங்கள். 2013 இல் போய்ப் பார்த்தால் வருமானம் மூன்று மடங்கு. திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதலாமா? அந்த மூன்று வருடத்தில் வீதி வந்தது, மின்சாரம் வந்தது, வயல் திருத்தினார்கள், பிள்ளை வேலைக்குப் போனான். கோழி கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரரின் வருமானமும்தான் ஏறியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கோழியின் பங்கு.

அந்தப் பக்கத்து வீடு எல்லா வகையிலும் முதல் வீட்டைப்போல இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். சங்கத் தலைவர் பார்த்து ‘கெட்டிக்காரி’ என்று தெரிந்த பெண்ணுக்குக் கோழி போயிருந்தால், அவர் கோழி இல்லாமலும் முன்னேறியிருப்பார். அதனால்தான் எழுமாற்றுத் தெரிவு. யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தால், இரண்டு குழுவும் சராசரியில் ஒரே மாதிரி அமையும். பிறகு தெரியும் வித்தியாசத்தைத் திட்டத்தின் கணக்கில் போடலாம்.

குலுக்கிப்போட்டு ஏழைக்கு உதவி கொடுப்பது அநியாயம் இல்லையா?

எல்லாருக்கும் கொடுக்கக் காசு இருக்கும்போது குலுக்கினால் அநியாயம்தான். 200 குடும்பம் தகுதி, பொருள் 80 குடும்பத்துக்கு என்று வரும்போது யாரோ ஒருவர் தெரிவுசெய்யத்தான் போகிறார். அந்தத் தெரிவு எப்படி நடக்கிறது என்று வன்னியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பட்டியலில் பெயர் வந்ததும் விடுபட்டதும் இன்றைக்கும் சண்டைக்குரிய கதை. சனத்துக்கு முன்னால் சங்கக் கட்டடத்தில், கிராம அலுவலரும் இருக்க, ஒரு பிள்ளை சீட்டு எடுத்தால் அதைப் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். கணினியில் குலுக்கிவிட்டு முடிவை மட்டும் கதவில் ஒட்டினால் நம்பமாட்டார்கள். அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

யாரையும் நிரந்தரமாக ஒதுக்காத வழிகளும் உண்டு. கென்யாவில் கிரெமரும் எட்வர்ட் மிகெலும் பிள்ளைகளுக்கான குடற்புழு மருந்து ஆய்வில் 75 பாடசாலைகளை மூன்று குழுவாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக மருந்தைக் கொடுத்தார்கள். பிந்திக் கிடைத்தவைதான் ஒப்பீட்டுக் குழு. மெக்சிகோ அரசு 1990களின் இறுதியில் பணக் கொடுப்பனவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது 506 கிராமங்களில் 320 இல் முதலில் கொடுத்துவிட்டு மற்ற 186 ஐப் பிறகு சேர்த்தது. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் கொடுக்க எப்படியும் முடியாது. அந்த இடைவெளியை ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள்.

குலுக்கலே வேண்டாம் என்றால் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவைப் பாருங்கள். 2023 இல் தொடங்கியபோது 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களை வகைப்படுத்தி, மாதம் 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபா வரை நான்கு படியாகக் கொடுத்தார்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் நிற்கும் குடும்பங்கள் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருக்கும். ஒன்றுக்குப் பணம் வருகிறது, மற்றதற்கு இல்லை. அரச தரவு கையில் கிடைத்தால் அதுவே நல்லதோர் ஆய்வு. பிரதேச செயலகப் படிகளில் முறையீட்டுப் படிவத்தோடு நிற்கிறவர்களின் கேள்விக்கும் அதில் ஒரு பகுதிப் பதில் கிடைக்கும்.

இலங்கையில் இப்படி ஏதும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று இங்கேதான் நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் மூவரும் 2005 இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்பவர்களை எடுத்து, எழுமாற்றாகச் சிலருக்கு 10,000 ரூபா, சிலருக்கு 20,000 ரூபா கொடுத்தார்கள். சிலருக்குக் காசாக, சிலருக்குப் பொருளாக. போட்ட முதலுக்கு மாதம் ஏறக்குறைய 5 சதவீதம் வரவு கூடியது. வங்கி வட்டியைவிட மிகவும் அதிகம். சின்னக் கடைக்காரருக்கு முதல் இல்லாததுதான் பிரச்சினை என்ற வாதத்துக்கு அது பெரிய பலம்.

ஆனால் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது அந்த இலாபம் ஆண்களிடம் மட்டும் இருந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் செய்யத் தெரியவில்லை என்று அவசரப்பட்டு முடிவெடுத்தவர்களும் உண்டு. 2019 இல் வேறு ஆய்வாளர்கள் இதே தரவை இந்தியா, கானா தரவுகளோடு சேர்த்து மறுபடி பார்த்தார்கள். பெண்ணுக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் வீட்டிலுள்ள கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்த இடங்களில் இலாபம் ஆண்களுடையதைப் போலவே இருந்தது.

இப்போது வன்னியை நினைத்துப் பாருங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பம் இங்கே எத்தனை. அந்த வீடுகளில் காசை இழுக்க இன்னொரு தொழில் கிடையாது. ஆனால் உதவிக்கு ஒரு கையும் இல்லை, கடைக்குப் போனால் வயதான அம்மாவையும் பிள்ளையையும் பார்க்க ஆளில்லை. போதாததற்கு நுண்கடன். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடனில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவையை அரசே ஏற்கும் அளவுக்கு அது முற்றியது. முதல் கொடுத்தால் அது தொழிலுக்குப் போகுமா, கடன்காரருக்குப் போகுமா? பிள்ளை பராமரிப்பும் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? தெற்கில் நடந்த ஆய்வு இதற்குப் பதில் சொல்லாது. எந்த நிதியமும் எடுத்து வாசிக்கும் கேள்வி இது. இதை நம் ஆட்கள்தான் கேட்க வேண்டும்.

முன்மொழிவில் வன்னியின் வறுமைக்கு எந்த எண்ணைப் போடுவது?

கவனம் தேவை. 2016 குடித்தன வருமான, செலவினக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு 12.7 சதவீதம், கிளிநொச்சி 18.2 சதவீதம். 2019 இல் முல்லைத்தீவு 44.5 சதவீதம், நாட்டின் சராசரி 14.3. மூன்று வருடத்தில் வறுமை மூன்றரை மடங்கானது என்று எழுதிவிடாதீர்கள். இடையில் வறுமைக்கோட்டையே புதிதாக வரைந்தார்கள். 2019 க்கு அது ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், புள்ளி போடுகிறவர் அந்த வரியோடு நம்பிக்கை இழப்பார். 2019 எண்ணை மட்டும் போடுங்கள், 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தியது என்று ஒரு வார்த்தை சேருங்கள்.

எங்கள் சங்கம் தனியாக விண்ணப்பிக்கலாமா?

பிரெஞ்சு நிதியத்தைப் போன்ற சிலவற்றில் முடியும். ஜே-பாலின் பெரும்பாலான நிதியங்களில், அவர்களோடு இணைந்த பேராசிரியர் ஒருவரோ அழைக்கப்பட்ட ஆய்வாளர் ஒருவரோ குழுவில் இருந்தாக வேண்டும். ஆக, ஆளைத் தேட வேண்டும். தெரியாத பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பக் கூச்சப்படாதீர்கள். நீளமாக எழுதத் தேவையில்லை: நாங்கள் இன்ன இடத்தில், இத்தனை குடும்பத்தோடு, இந்த வேலையைச் செய்கிறோம், அடுத்த வருடம் இத்தனை பேருக்கு விரிக்கப்போகிறோம், இது பயன் தருகிறதா என்று அறிய விரும்புகிறோம். நடைமுறைப்படுத்தும் பங்காளியைத் தேடி அலையும் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல கடிதம் வராது.

கிட்டத்திலும் ஆள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இலிருந்து தனியாக இயங்குகிறது. உள்ளூர் விரிவுரையாளரைத் தரவு சேகரித்துக் கொடுப்பவராக மட்டும் வைத்துக்கொண்டு பெயரைக் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் போடுகிற வெளிநாட்டுக் குழுக்களும் இருக்கின்றன. கூட்டு ஆய்வாளர் என்று முன்மொழிவிலேயே பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

எந்தத் தொகைக்கு விண்ணப்பிப்பது?

பெரும்பாலும் மூன்று படி: முன்மொழிவு தயாரிக்கச் சிறு தொகை, முன்னோடி ஆய்வுக்கு நடுத்தரத் தொகை, முழு ஆய்வுக்குப் பெரிய தொகை. கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள். பங்காளியோடு உடன்பாடு, கொஞ்சம் தரவு, ஓடிப்பார்த்த கேள்விக்கொத்து ஆகியவை இல்லாமல் முழு ஆய்வுக்குக் கேட்டால் நேரம்தான் விரயம்.

எத்தனை குடும்பம் வேண்டும்?

விண்ணப்பங்கள் அதிகம் விழுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு திட்டத்தைக் கிராமம் கிராமமாகக் கொடுக்கிறீர்கள் என்றால் முக்கியம் கிராமங்களின் எண்ணிக்கை. ஒரே கிராமத்து வீடுகளுக்கு ஒரே குளம், ஒரே மழை, ஒரே வியாபாரி. ஒரு வீட்டைக் கேட்டால் பக்கத்து வீட்டைப் பற்றியும் பாதி தெரிந்துவிடும். இந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரையான அளவில் 0.1 என்று எடுத்து, 20 கிராமத்தில் 20 வீடு வீதம் 400 வீட்டைக் கேட்டால், ஒரு வீட்டோடு அதே கிராமத்து மற்ற 19 வீட்டையும் சேர்த்து வகுக்கும் எண் 1 + 19 × 0.1 = 2.9. 400 ஐ 2.9 ஆல் வகுத்தால் 138. நானூறு வீட்டுக்குச் செலவு செய்து 138 வீட்டுத் தகவல்தான் கையில். அதே 400 ஐ 40 கிராமத்தில் 10 வீடு வீதம் கேட்டால் வகுக்கும் எண் 1.9 ஆகி, 210 வீட்டுத் தகவல் கிடைக்கிறது. பெற்றோல் செலவு கூடும். கூடினாலும் அதுதான் வழி.

கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ளது 95 கிராம அலுவலர் பிரிவு, முல்லைத்தீவில் 136. இரண்டையும் சேர்த்தாலும் எல்லை இருக்கிறது. அதனால் சிறிய விளைவைத் தேடும் கேள்வியைவிடப் பெரிய விளைவை எதிர்பார்க்கும் கேள்வி நமக்குப் பொருத்தம். வீட்டுக்கு வீடு குலுக்கக்கூடிய திட்டமென்றால் இன்னும் நல்லது.

கேள்விக்கொத்தை எப்படி எழுதுவது?

‘போன மாதம் உங்கள் வருமானம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கண்டாவளைப் பக்கம் கோழி வளர்க்கும் ஒரு அக்காவிடம் கேட்டால் ‘அப்பிடி ஒண்டும் பெரிசா இல்லைத் தம்பி’ என்பார். பொய் இல்லை. அவர் கணக்கில் வருமானம் என்பது பெரும்போகம் வெட்டி நெல் விற்றுக் கையில் மொத்தமாக வரும் காசு. முட்டையைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கிழமை எத்தனை முட்டை, வீட்டில் எத்தனை தின்றீர்கள், எத்தனை அடைவைத்தீர்கள், கடைக்கு எத்தனை போனது, என்ன விலை, காசா, கொப்பியில் எழுதிக் கழித்த கடனா? ஐந்து நிமிடத்தில் மாதக் கணக்கு வந்துவிடும். கடைசிக் கேள்விதான் பலருக்கு விடுபடுவது. கடைக் கொப்பியில் கழியும் முட்டையை எந்த அறிக்கையிலும் காணமுடியாது.

காலமும் முக்கியம். முதல் கணக்கெடுப்பை அறுவடை முடிந்த மார்ச்சிலும் இரண்டாவதை மழை வெள்ளம் நிற்கும் டிசம்பரிலும் எடுத்தால், திட்டம் எல்லாரையும் ஏழையாக்கியது போல ஒரு தோற்றம் வரும். ஒரே பருவத்தில் எடுங்கள்.

அனுமதி யாரிடம் எடுக்க வேண்டும்?

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிதியமும் காசை விடுவிக்காது. பல்கலைக்கழகம் மூலமாகப் போவதே எளிது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலைக் கையில் வைத்துக்கொண்டே ஊருக்குள் இறங்குங்கள்.

தாளில் இருக்கும் சம்மதம் வேறு, வாசலில் கிடைக்கும் சம்மதம் வேறு. ‘வந்து பதிஞ்சுகொண்டு போறீங்கள், பிறகு ஆளைக் காணேல்லை’ என்று எத்தனை வீட்டில் சொல்வார்கள். இங்கே பெயர் பதிவது வெறும் காரியம் இல்லை. காணாமல் போனவரைப் பற்றிய கேள்வி எதற்கும் தேவையில்லாமல் கேட்கக்கூடாது. கையொப்பம் கேட்டால் தயங்குவார்கள். வாய்மொழிச் சம்மதத்துக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கலாம். பதில் சொன்னால் உதவி வரும் என்ற நம்பிக்கையை எவரும் கொடுக்காமல் பார்ப்பது கணக்கெடுப்புக்குப் பொறுப்பானவரின் வேலை. பெயர் உள்ள கோப்பும் பதில் உள்ள கோப்பும் வெவ்வேறாக இருக்கட்டும்.

பாதீட்டில் எதை மறக்கிறோம்?

வீடு மாறியவர்களைத் தேடிப்போகும் செலவை. வவுனியா, யாழ்ப்பாணம், மத்திய கிழக்கு என்று ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். முதல் நாளிலேயே உறவினரின் தொலைபேசி இலக்கம் இரண்டு மூன்று வாங்கி வைக்க வேண்டும், இரண்டாம் சுற்றுக்குக் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும். பத்தில் மூன்று பேர் தவறிவிட்டால் முடிவை யாரும் நம்பமாட்டார்கள். பல நிதியங்கள் திட்டத்தை நடத்தும் செலவைத் தராது, ஆய்வுச் செலவை மட்டுமே தரும். கோழிக்கும் பயிற்சிக்கும் பங்காளி அமைப்பிடம் காசு இருக்கிறதென்று எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். நிர்வாகச் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு, பல்கலைக்கழக நிதிப் பிரிவோடு முதலிலேயே பேசுங்கள்.

‘பயனில்லை’ என்று முடிவு வந்தால்?

வரும், அடிக்கடி வரும். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை எடுத்து, பாதியில் நுண்கடன் நிறுவனம் ஒன்று கிளை திறந்த ஆய்வில், கடன் கூடியது, ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் கொஞ்சம் விரித்தார்கள். குடும்பத்தின் செலவோ பிள்ளைகளின் படிப்போ பெண்களின் நிலையோ சொல்லும்படி மாறவில்லை. நுண்கடன் வறுமையை ஒழிக்கும் என்ற பேச்சு அடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு. அதனால் பயனில்லை என்பதும் பயனுள்ள முடிவுதான்.

பங்காளி அமைப்புக்கு இது கசக்கும், அடுத்த வருட நிதி போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் முடிவு எதுவானாலும் வெளியிடப்படும் என்று தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டிப் பதிவதும் அதற்காகத்தான். எதை அளப்பீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு நல்லதாக வந்ததை மட்டும் பொறுக்கிக் காட்ட முடியாது.

நிராகரித்தால்?

மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், திருத்தி அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள். கிடைத்தவர்களில் பலர் முதல் தடவையில் கிடைக்காதவர்கள்.

முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

நிதியம் பெரும்பாலும் இதைக் கட்டாயப்படுத்தாது. நீங்கள் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். கிராமத்துக்கு ஒரு கூட்டம், தேநீர், இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு, கேள்வி கேட்க ஒரு மணித்தியாலம் என்று பாதீட்டில் தனி வரியாகப் போட்டால் பெரும்பாலான நிதியங்கள் மறுப்பதில்லை. கூட்டத்தை வயல் வேலை இல்லாத நாளில், மாதர் சங்கத்தோடு பேசி வையுங்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களையும் கூப்பிட மறக்காதீர்கள், அவர்களும் அதே அளவு நேரம் கொடுத்தவர்கள்.